விற்ற தட்டும் நின்ற பாட்டும்

சென்ற தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களை நாம் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமது மேசையருகே வந்து நின்றார். பாடத்தில் ஐயம் போலும் என்று எண்ணித் தலைநிமிர்ந்தோம். ஐயம் பாடத்தில் அன்று.

"சேர், ஒரு பாட்டைப் பதினைஞ்சு லட்சம் பேர் காசு குடுத்து வாங்கியிருந்தால் அது நல்ல பாட்டுத்தானே?"

அவர் கையிலிருந்த தொலைபேசியில் ஒரு பட்டியல் இருந்தது. 1990 முதல் 1994 வரை பிரித்தானியாவில் ஒவ்வோர் ஆண்டும் மிகக் கூடுதலாக விற்பனையான பொப் பாட்டுத் தட்டுக்களின் பட்டியல் அது. தம் தந்தையார் வாலிபத்திற் கேட்ட பாட்டுக்கள் என்று கேட்கத் தொடங்கி, இப்பொழுது தாமும் அவற்றிலே தோய்ந்துவிட்டதாகக் கூறினார். "வாங்கினவர் தொகை மெய்தான். அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதல்லவோ கேள்வி" என்று நாம் சொன்ன விடை அவருக்குத் திருப்தி தரவில்லை. அங்ஙனமாயின் அப்பாட்டுக்களையும் விடைத்தாள்களைப் போலத் திருத்தி, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிட்டுத் தருவோம் என வாக்களித்தோம். அவ்வாக்கை நிறைவேற்றும் முயற்சியே இக்கட்டுரை.

பாட்டை விற்பனை கொண்டு வரிசைப்படுத்தும் வழக்கம் பிரித்தானியாவில் 1952 நவம்பரில் தொடங்கியது. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் சஞ்சிகை கடைகளில் விசாரித்து முதற் பட்டியலை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோ அதிலே முதலிடம் பெற்றார். அதே 1952ஆம் ஆண்டின் இறுதியில் எமது கொழும்பு நகரிலிருந்து, இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில், அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினார் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். இந்திப் பாட்டுக்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் கூறும் அந்நிகழ்ச்சிக்காக இந்தியாவெங்கும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தனர். ஆகவே 'இவ்வாரம் முதலிடம் எது?' என்னும் ஆவல் மேனாட்டாருக்கு மாத்திரம் உரியதன்று.

நாம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் பிரித்தானியப் பட்டியல் ஞாயிறுதோறும் மாலையில் பீ.பீ.சீ. வானொலியில் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிரதான பட்டியல் விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் கூட்டிக் கணித்தது. பிரித்தானியப் பட்டியலோ கடையில் விற்ற தட்டை மட்டுமே எண்ணியது. தட்டு என்றவுடன் இளைய வாசகர் மயங்கலாகாது. ஒரு பாட்டைத் தனியே விற்பதற்கென்று அமைந்த ஏழங்குல இசைத்தட்டு அது. ஒரு முகத்தில் விற்பனைக்குரிய பாட்டும், மறுமுகத்தில் பெரும்பாலும் யாரும் கேளாத இன்னொரு பாட்டும் பதிவாகியிருக்கும். 1990 அளவில் அதே பாட்டு ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் விற்கப்பட்டது. பெயர் எதுவாயினும், ஒரு பாட்டுக்காகவே ஒருவர் கடைவரை நடந்து சென்று பணம் கொடுத்தார் என்பதுதான் இதன் கணக்கு.

இனி அந்த ஐந்து பாட்டுக்கள். 1990இல் ரைட்டியஸ் பிரதேர்ஸ் பாடிய 'அன்செயின்ட் மெலடி'. 1991இல் பிரையன் அடம்ஸ் பாடிய 'எவ்ரிதிங் ஐ டூ'. 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஒல்வேய்ஸ் லவ் யூ'. 1993இல் மீற் லோப் என்பவரின் 'ஐட் டூ எனிதிங் போர் லவ்'. 1994இல் வெற் வெற் வெற் என்னும் விசித்திரப் பெயர் பூண்ட குழுவினரின் 'லவ் இஸ் ஓல் அரவுண்ட்'.

இப்பட்டியலைக் கண்ட மாத்திரத்தில் இரு செய்திகள் எமக்குப் புலனாயின. ஐந்தில் நான்கு பாட்டுக்கள் சினிமாவின் தோளிலேறி வந்தவை. ஐந்தில் மூன்று புதிய பாட்டுக்களே அல்ல. முன்னே ஒரு காலத்திற் பிறந்து, ஓரளவு பாடப்பட்டு, அலமாரியில் உறங்கியவை. பழைய கள், புதிய மொந்தை. மேனாட்டு இளைஞர் நாள்தோறும் புதுமை தேடுவர் என்று நாம் கேள்விப்பட்டதற்கு இது முற்றும் மாறாகவன்றோ இருக்கிறது! சினிமாப் பாட்டே பாட்டென்று வளர்ந்த தமிழருக்கோ இதில் வியப்பில்லை. படம் பாட்டை விற்கும், பாட்டு படத்தை விற்கும் என்னும் சூத்திரம் எமக்கு மனப்பாடம்.

ஆகவே புள்ளியிடுமுன் ஒரு விதி செய்துகொண்டோம். படத்தைக் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க வேண்டும். இவ்விதி எமக்கு எளிது. ஏன் எனில், நாம் முதன்முதலாக இப்பாட்டுக்களைக் கேட்டதே அப்படித்தான்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். 1995 தொடக்கத்தில் போர் ஓய்ந்திருந்த சில மாதங்களுள், கொழும்பிலிருந்து வந்த எமது ஒன்றுவிட்ட தமையனார் ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். மேலட்டையில் பாட்டின் பெயருமில்லை, பாடியவர் பெயருமில்லை. மேற்கூறிய ஐந்தில் நான்கு அதில் இருந்தன. சுழற்றும் கை களைத்தால் பாடுபவரும் களைத்தார். கை விரைந்தால் ஆண்குரல் பெண்குரலாயிற்று. பாட்டு முடியும்வரை ஒரே வேகத்தில் சுழற்றுவது ஒரு யோகம். எந்தப் படத்தில் எந்த நடிகர் எவரைத் தழுவி நின்றபோது எழுந்த இசை அது என்று எமக்குத் தெரியாது. பாட்டும் நாமும் டைனமோவும் மாத்திரமே.

நிற்க. முதலாம் விடைத்தாளை எடுப்போம்.

'அன்செயின்ட் மெலடி' என்றால் விலங்கு கழற்றப்பட்ட கீதம் எனலாம். ஆயினும் பாட்டினுள்ளே எங்கு தேடினும் அந்த 'அன்செயின்ட்' என்னும் சொல் கிடையாது. காரணம் எளிது. 1955இல் வெளிவந்த 'அன்செயின்ட்' என்னும் சிறைச்சாலைப் படத்துக்காக அலெக்ஸ் நோத் இசையமைக்க, ஹை சரெற் சொல்லமைத்த பாட்டு இது. படத்தின் பெயரே பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. படத்தில் அதைப் பாடியவர் டொட் டங்கன். கேர்ஷ்வினின் 'போர்கி அன்ட் பெஸ்' இசைநாடகத்தில் 1935இல் முதன்முதல் போர்கியாகத் தோன்றிய கறுப்பினப் பாடகர் இவரே. படம் மறைந்தது, பாட்டு நின்றது. அந்த 1955இலேயே பிரித்தானியாவில் ஒரே காலத்தில் நால்வரின் தட்டுக்கள் பட்டியலில் ஏறின. ஜிம்மி யங் முதலிடம் பெற்றார்.

பத்தாண்டு கழித்து 1965இல் ரைட்டியஸ் பிரதேர்ஸ் இதைப் பதிவு செய்தனர். இவர்கள் சகோதரரும் அல்லர். இப்பாட்டில் இருவரும் பாடவுமில்லை. பொபி ஹற்பீல்ட் ஒருவரே பாடினார். அப்பொழுது அது யாரும் கேளாத மறுமுகத்துப் பாட்டாகவே வெளியாயிற்று. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைப் புரட்டிப் போட்டதனால் அமெரிக்காவிற் புகழ் பெற்றது. பிரித்தானியாவில் பதினான்காம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பின்னர் 1990இல் 'கோஸ்ட்' என்னும் படம் வந்தது. குயவர் சக்கரத்தில் களிமண் சுழல, பக்கத்தில் இசைப்பெட்டியிலிருந்து இப்பாட்டு ஒலிக்கும் காட்சியை உலகம் கண்டது. நான்கு வாரம் முதலிடம். ஆண்டின் முதல் விற்பனை. அமெரிக்காவிலோ பழைய பதிவும், ஹற்பீல்ட் ஐம்பதாவது வயதில் மீளப் பாடிய புதிய பதிவும் ஒரே சமயத்தில் பட்டியலில் ஏறி ஒன்றோடொன்று போட்டியிட்டன. தம் இளமைக் குரலோடு தாமே போட்டியிடும் பேறு எத்தனை பாடகருக்கு வாய்க்கும்?

குயவர் சக்கரத்தைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இது சிறையில் இருப்பவன் வீட்டை நினைத்துப் பாடும் பாட்டு. காலம் மெல்ல நகர்கிறது. வருவேன், காத்திரு என்கிறான். எமது இலக்கண நூலார் இதைக் கேட்டிருந்தால் முல்லைக்கும் பாலைக்கும் இடையே வைப்பர். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வோர் அடியிலும் ஒரு படி ஏறி, இறுதியிலே குரல் தன் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. அந்த ஏற்றம் வித்தையாகத் தோன்றாமல் தேவையாகத் தோன்றுகிறது. பின்னணி வாத்தியங்கள் சற்றே மிகை. எண்பத்து நான்கு புள்ளி.

இரண்டாம் விடைத்தாளில்தான் எமக்குச் சங்கடம். அந்த ஒலிநாடாவிலே நாம் மிகுதியாகக் கேட்டது இதுவே. 'ரொபின் ஹூட்: பிரின்ஸ் ஒப் தீவ்ஸ்' என்னும் படத்துக்காக மைக்கல் கேமன் அமைத்த மெட்டை வைத்துப் பிரையன் அடம்ஸும் தயாரிப்பாளர் மற் லாங்கும் பாட்டாக்கினர். கதை நடக்கும் காலத்துக்கேற்பப் பழைய யாழ் வகை வாத்தியங்கள் வேண்டும் என்று படத்தார் விரும்பினர், பாடகர் உடன்படவில்லை. முடிவில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பாட்டு ஒலித்தது. சனங்கள் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்து இசை அது. அத்தகைய பாட்டு 1991 யூலை முதல் ஒக்டோபர் வரை தொடர்ந்து பதினாறு வாரம் முதலிடத்தை விட்டு அசையவில்லை. முன்னர் 1955இல் ஸ்லிம் விற்மன் பெற்ற தொடர் சாதனை பதினொரு வாரம்தான். ரைட் செட் பிரெட் என்னும் குழுவினரின் வேடிக்கைப் பாட்டொன்று ஆறு வாரம் இரண்டாமிடத்திலே நின்று, வழி விடுவாரின்றித் தவித்தது. முடிவில் ஐரிஷ் குழுவான யூ-டூவின் பாட்டே அடம்ஸை இறக்கியது.

பதினாறு வாரம் ஒரு பாட்டைக் கேட்ட நாடு என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு. ஒரு தடவை உள்ளத்தைத் தொடும் உறுதிமொழி, நூறாவது தடவை விண்ணப்பப் படிவம் போலாகிவிடும். மீளக் கேட்டபோது மெட்டின் எளிமை இன்றும் எம்மைக் கவர்ந்தது. முதல் நான்கு அடிகளைக் கேட்டவர் அடுத்த நான்கைத் தாமே பாடிவிடலாம். ஆனால் அதுவே குறையுமாகிறது. உனக்காகப் போராடுவேன், உனக்காக இறப்பேன் என்னும் கருத்து பாட்டின் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே முடிவிலும் நிற்கிறது. பாடகரின் கரகரத்த குரல் நேர்மையானது. அதற்குச் சொல்லக் கிடைத்த செய்தி சிறியது. பதின்மூன்றும் பதினான்கும் வயதினருக்கு அச்செய்தி போதும். எமக்கும் ஒரு காலம் போதியிருந்தது. ஐம்பத்தாறு புள்ளி.

மூன்றாவது விட்னி ஹூஸ்டன். இவ்விடத்திற் சற்றே தங்கிப் பேச வேண்டும்.

இப்பாட்டை எழுதியவர் டொலி பார்ட்டன் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி. போர்ட்டர் வாகனர் என்னும் மூத்த கலைஞரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழாண்டளவு பாடிப் புகழ் பெற்ற பின், தனிவழி செல்ல விரும்பினார். வாகனர் விடவில்லை. வாதாடிப் பயனில்லை என்று கண்ட பார்ட்டன் 1973இல் இப்பாட்டை எழுதிச் சென்று அவருக்கே பாடிக் காட்டினார். எனவே இது காதலர் பிரியும் பாட்டன்று. ஆசானிடம் மாணவி விடைபெறும் பாட்டு என்றாலும் பொருந்தும். நான் போகிறேன், நீர் வாழ்க என்பதே அதன் சாரம். எமது தொழிலில் இருப்போருக்கு ஆண்டுதோறும் மார்கழியில் நேரும் அநுபவம் இது.

1974இல் அது நாட்டுப்புறப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் அவருடைய முகாமையாளர் பாட்டின் உரிமையிற் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார். எல்விஸ் பாட வேண்டும் என்ற ஆசையை அடக்கி, உரிமையைக் கைவிடாது நின்ற அத்திடத்துக்கு 1992இல் பலன் கிடைத்தது. 'தி பொடிகார்ட்' படத்தில் நடித்த விட்னி ஹூஸ்டனுக்கு முதலிற் குறித்த பாட்டு வேறு. அது இன்னொரு படத்திற் பயன்பட்டுவிட்டதனால், உடன் நடித்த கெவின் கொஸ்னர் இதைத் தெரிந்து கொடுத்தார். ரொபின் ஹூட்டாக நடித்தவரும் அவரே. ஒரு நடிகர் அடுத்தடுத்து ஈராண்டும் பாட்டு உலகை ஆட்டி வைத்தார் என்பது வேடிக்கை. தொடக்கத்தில் வாத்தியமேதுமின்றிக் குரல் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அப்படிப் பாடினால் வானொலியில் எடுபடாது என்று இசைத்தட்டு நிறுவனத்தார் அஞ்சினர். பிரித்தானியாவில் பத்து வாரமும் அமெரிக்காவில் பதினான்கு வாரமும் முதலிடத்தில் நின்றது.

அத்தொடக்கத்தை நாம் முதலிற் கேட்டபோது ஒலிநாடா பழுதாகிவிட்டது என்று கருதித் தமையனார் அதை நிறுத்தப் போனார். வாத்தியம் எங்கே? பின்னர் விளங்கியது. எமது கோயில்களில் தாளமின்றி விருத்தம் பாடிப் பின்னரே பாட்டைத் தொடங்கும் முறையுண்டன்றோ? அதனை ஒத்தது இது. குரல் தனியே நின்று வழி கண்டுகொண்ட பிறகே வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பாட்டின் முக்கால் பங்கு கடந்தபின் யாவும் ஒரு கணம் ஓய்கின்றன. ஒரு முழக்கம் எழுகிறது. சுருதி ஒரு படி உயர்ந்து குரல் வானத்தைத் தொடுகிறது. டைனமோ சுழற்றிய எமக்கு அவ்விடம் பெருஞ் சோதனை. ஒரு விநாடி கை தளர்ந்தாலும் அந்த அம்மையாரின் உச்சக் குரல் சரிந்து விழும். அவ்விடத்தை விழாமற் காத்த மாலையை இன்றும் மறக்கிலோம்.

ஆயினும் திருத்துபவர் நடுநிலை தவறலாகாது. பலநாள் இவ்விரு பதிவுகளையும் மாறி மாறிக் கேட்டோம். பார்ட்டனின் பதிவு தாழ்ந்த குரலில் நிகழ்கிறது. மூன்றாம் பகுதியை அவர் பாடவுமில்லை, பேசுகிறார். தொண்டை அடைத்தவர் பேசுவதுபோல் இருக்கிறது. விட்னியின் பதிவிலோ அதே வாழ்த்து வெற்றி முழக்கமாகிறது. விடைபெறுபவர் இத்துணை உரத்து விடைபெறுவாரோ? வீட்டை விட்டுப் போகிறவர் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் போவதுபோல் பிற்பகுதி தோன்றுகிறது. முற்பகுதிக்குத் தொண்ணூறு, பிற்பகுதிக்கு அறுபத்தைந்து; கூட்டி எழுபத்தேழு என்று வைக்கலாம். கணித ஆசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம். முற்பகுதிதான் அன்றாடம் நினைவில் வருவது. பார்ட்டன் இப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. தோற்றியிருந்தால் எண்பத்தெட்டு. விட்னி ஹூஸ்டன் 2012 பெப்ரவரியில் நாற்பத்தெட்டு வயதிற் காலமானபோது இப்பாட்டு மீளவும் பட்டியலில் ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது விடைத்தாள் மீற் லோப். ஐந்தனுள் சினிமாவின் கைத்தாங்கல் இன்றி வந்தது இது ஒன்றே. ஆயினும் இதை இயற்றிய ஜிம் ஸ்ரைன்மன் பாட்டையே ஒரு சினிமாவாக எழுதுபவர். முழுப் பதிவு பன்னிரண்டு நிமிடம். தட்டுக்காக வெட்டிச் சுருக்கினர். காதலுக்காக எதையும் செய்வேன், ஆனால் 'அதை' மட்டும் செய்யேன் என்பது தலைப்பு. 'அது' எது என்று உலகமே கேட்டது. 1998இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மீற் லோப் கரும்பலகையும் கோலும் கொண்டுவந்து விளக்க நேர்ந்தது. பாட்டிலேயே விடை இருக்கிறது. கவனியாது கேட்டவரே கேட்கின்றனர். வினாவை வாசியாமல் விடையெழுதும் மாணவரை நாளும் காணும் எமக்கு அவர்பால் மிகுந்த அநுதாபம். இருபத்தெட்டு நாடுகளில் முதலிடம் என்பர். அளவுக்கு மிஞ்சிய ஆரவாரம், ஆனால் தன் ஆரவாரத்தைத் தானே அறிந்து சிரிக்கும் ஆரவாரம். அறுபத்தெட்டு.

இறுதிப் பகுதியிலே வந்து எதிர்ப்பாட்டுப் பாடும் பெண்குரலுக்கு மட்டும் தனிப்புள்ளி வேண்டும். அவர் இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த லொறெயின் குறொஸ்பி. வேறொருவர் பின்னர் பாடுவதற்கு வழிகாட்டியாகவே இவர் பாடி வைத்தார். அதுவே நன்றாக அமைந்தமையால் அப்படியே விட்டுவிட்டனர். இசைத்தொகுப்பின் உறையில் 'மிஸிஸ் லவுட்', அதாவது சத்தக்காரச் சீமாட்டி என்றே குறித்தனர். திரைக்காட்சியிலோ வேறொரு பெண் வாயசைத்தார். பின்னணிப் பாடகர்களின் பெயரைக் கொட்டை எழுத்தில் இடும் எமது வழக்கம் இவ்வொரு விடயத்தில் மேலானது.

ஐந்தாவதில் நெடுநேரம் செல்ல வேண்டியதில்லை. 'லவ் இஸ் ஓல் அரவுண்ட்' 1967இல் ற்றொக்ஸ் என்னும் குழுவினருக்காக ரெஜ் பிரெஸ்லி எழுதியது. முன்பு கொத்தனாராக இருந்த இவர், இரட்சணிய சேனையின் இசைக்குழுவொன்றைத் தொலைக்காட்சியிற் கண்ட உந்துதலில் சில நிமிடங்களில் எழுதினாராம். 1994இல் 'போர் வெடிங்ஸ் அன்ட் எ பியூனரல்' படத்துக்கென ஸ்கொத்லாந்துக் குழுவினராகிய வெற் வெற் வெற் மீளப் பாடினர். பதினைந்து வாரம் முதலிடம். பதினெட்டு இலட்சத்துக்கு மேல் விற்றது. வந்த பணத்தில் ரெஜ் பிரெஸ்லி வயல்களில் தோன்றும் வட்டக் கோலங்களை ஆராய்ந்தார் என்பது இன்னொரு கதை. ற்றொக்ஸின் பதிவில் கூச்சமுள்ள ஒருவன் தயங்கித் தயங்கிச் சொல்வதுபோன்ற அழகு உண்டு, அதற்கு அறுபத்தேழு. புதியதில் அத்தயக்கம் துடைக்கப்பட்டு, சீனிப்பாகு பூசப்பட்டுவிட்டது. நாற்பத்தெட்டு.

ஆனால் அக்குழுவினர் செய்த ஒரு செயலுக்கு நாம் தலைவணங்குகிறோம். பதினைந்தாம் வாரம் கடந்து, அடம்ஸின் பதினாறைத் தொட இன்னும் ஒரே வாரம் இருந்தபோது, தட்டை இனி வெளியிட வேண்டாம் என்று தாமே நிறுத்துவித்தனர். எங்கு திரும்பினும் தம் பாட்டே ஒலிப்பது தமக்கே சலித்துவிட்டது என்பது காரணம். 1994 செப்டெம்பரில் விக்பீல்ட் என்னும் புதிய பாடகியின் தட்டு வந்து முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. விற்பனைதான் அளவுகோல் என்று எம்மோடு வாதிட்ட மாணவருக்கு இச்செய்தியை விசேடமாகச் சொன்னோம்.

விற்றவற்றைப் பார்த்தாயிற்று. விற்பனையிற் பின்னின்றவற்றையும் ஒரு கண் பார்ப்பது முறை. 1991இல் வெளிவந்து ஒரு தலைமுறையின் இசைப்போக்கையே மாற்றிய நிர்வானா குழுவினரின் 'ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிற்' பிரித்தானியாவில் ஏழாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1990ஆம் ஆண்டின் மொத்த விற்பனையில் இரண்டாம் இடத்தோடு நின்றது ஐரிஷ் பாடகி சினேட் ஓகொனரின் 'நதிங் கொம்பெயர்ஸ் ரு யூ'. இதுவும் பிறர் பாட்டே. பிரின்ஸ் எழுதி, 1985இல் வேறொரு குழு பாடி, எவர் கவனத்தையும் பெறாதது. படமில்லை, கதையில்லை. ஒரு முகமும் இரு துளிக் கண்ணீருமே அதன் திரைக்காட்சி. அதையும் கழித்துக் கேட்டாலும் பாட்டு குறைவதில்லை. பிரிந்தவரை எண்ணி நாட்களைக் கணக்கிடும் ஒரு பெண், துயரத்திலிருந்து கோபத்துக்கும் கோபத்திலிருந்து கெஞ்சலுக்கும் ஒரே மூச்சிற் போய் வருகிறாள். குரல் உடையும் இடத்தில் உடைய விட்டிருக்கிறார். 2023 யூலையில் அவர் காலமான செய்தி வந்த இரவில் இதனை மூன்று முறை கேட்டோம். தொண்ணூற்றிரண்டு. எமது புள்ளித்தாளில் அதுவே முதலிடம்.

இப்புள்ளித்தாளை மாணவரிடம் கொடுத்தோம். மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடம்ஸின் ஐம்பத்தாறில் விரல் நின்றது.

"சேர், இதுக்கு ரீ-கறெக்ஷன் போடலாமோ? அப்பா கலியாணத்துக்கு முந்தி அம்மாவுக்குப் பாடிக் காட்டினது இந்தப் பாட்டுத்தான்."

பாட்டை மட்டும் கேட்க வேண்டும் என்பதே விதி என்று நினைவூட்டினோம். "அப்ப சேர், நீங்கள் டைனமோ சுத்தினதையும் கழிச்சுப்போட்டோ புள்ளி போட்டனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. வரும் சனிக்கிழமை பிற்பகல் இருவருமாக இருந்து அப்பாட்டை மறுமுறை கேட்பதென்று முடிவாயிற்று. தம் தந்தையாரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.